அரசு கொள்முதல் வேலைக்கு எந்தச் சான்றிதழ் கட்டாயம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பி.இ. சிவில் முடித்திருக்கிறீர்கள். சென்னையில் வெளிநாட்டுக் கடனில் நடக்கும் ஓர் அரசுத் திட்டத்தில், ஆலோசனை நிறுவனம் ஒன்றின் வழியாக ஒப்பந்த முறையில் நான்கு ஆண்டுகளாக வேலை. டெண்டர் ஆவணம் தயாரிப்பது, வந்த விலைகளை ஒப்பிட்டுப் பட்டியல் போடுவது, பணி முன்னேற்ற அறிக்கை எழுதுவது எல்லாம் உங்கள் பொறுப்பு. ஒரு பயிற்சி மையம், "இனிமேல் கொள்முதல் சான்றிதழ் இல்லாதவர்களை அரசுத் திட்டங்களில் எடுக்க மாட்டார்கள்" என்று சொல்லி 60,000 ரூபாய் கேட்கிறது. அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அத்தை மகன், அங்கே சான்றிதழ் இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போட முடியாது என்கிறார். எது கட்டாயம், எதற்குப் பணம் கட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் காகிதம் கையில் இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்தான் இந்தக் கேள்விக்கு அடியில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

நான் 29 ஆண்டுகள் மாநில அரசு நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்தேன். பெரும்பகுதி காலம் டெண்டர் பிரிவுதான். ஓய்வுக்குப் பிறகு சில கடன் திட்டங்களில் கொள்முதல் ஆலோசகராகவும் இருந்தேன். சாலை, மழைநீர் வடிகால், கட்டடம் ஆகியவற்றுக்கான பணி ஒப்பந்தங்கள்தான் எனக்குப் பழக்கம். மருந்துக் கொள்முதல், ராணுவக் கொள்முதல் பக்கம் நான் போனதில்லை. அந்த எல்லைக்குள் நின்றுதான் பேசுகிறேன்.

தமிழ்நாடு அரசில் நிரந்தரப் பணியில் இருக்கும் ஒருவர் கொள்முதல் பிரிவில் உட்காருவதற்குத் தனியார் அமைப்பு எதன் சான்றிதழும் கட்டாயம் இல்லை. நம் ஊரில் டெண்டரை ஆள்வது 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும். டெண்டர் எப்படிக் கோர வேண்டும், யார் திறக்க வேண்டும், எப்படி மதிப்பிட வேண்டும், யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதையெல்லாம் அவை சொல்கின்றன. அந்த நாற்காலியில் உட்காருபவர் இன்ன தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று அவை கேட்பதில்லை. அதிகாரம் பதவியோடு வருகிறது. செயற்பொறியாளர் பதவிக்கு ஒருவர் வந்துவிட்டால், அந்தப் பதவிக்குரிய வரம்புக்குள் டெண்டர் கோரும் அதிகாரமும் அவருக்கு வந்துவிடும்.

அரசுக்குள் தேர்வு என்றால் அது துறைத்தேர்வு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் மே, டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வு, பொதுப்பணித் துறை அலுவலர்களுக்கும் சார்நிலைப் பணியாளர்களுக்குமான கணக்குத் தேர்வு என்று பல உண்டு. தகுதிகாண் பருவம் முடிவதும், பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறுவதும் பதவியைப் பொறுத்து இவற்றில்தான் தொங்கும். பி.எம்.பி. என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழை முடித்த உதவிப் பொறியாளருக்குக் கணக்குத் தேர்வு நிலுவையில் இருந்தால், பணிப்பதிவேட்டைப் பார்ப்பவர் கண்ணில் படப்போவது அந்த நிலுவைதான். நிரந்தரப் பணிக்குப் போகும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். டெண்டர் பிரிவில் யாராவது "சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டால், பெரும்பாலும் அவர் கேட்பது மின்னணுக் கையொப்பச் சான்றிதழைத்தான். யு.எஸ்.பி. டோக்கனில் வரும் மூன்றாம் வகுப்புச் சான்றிதழ் அது. அது இல்லாமல் இணையத்தில் டெண்டரை ஏற்றவும் முடியாது, திறக்கவும் முடியாது. அது ஆளுக்குத் தகுதி தரும் காகிதம் இல்லை, பூட்டுக்குச் சாவி மாதிரி. புதிதாக வேலைக்கு வந்த இரண்டு பேர் இதைப் பயிற்சிச் சான்றிதழ் என்று நினைத்துப் பதறியதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அத்தை மகன் சொல்வது அவருடைய நாட்டுக்குச் சரி. அமெரிக்காவில் 1990இல் பாதுகாப்புத் துறைக் கொள்முதல் பணியாளர்களுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எந்தப் பதவிக்கு எவ்வளவு படிப்பு, எவ்வளவு பயிற்சி, எத்தனை ஆண்டு அனுபவம் என்று அது கட்டுகிறது. பயிற்சி தருவதற்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் வைத்திருக்கிறார்கள். மற்றத் துறைகளுக்கு எஃப்.ஏ.சி. என்ற மத்திய அரசுக் கொள்முதல் சான்றிதழ் வரிசை இருக்கிறது. ஒப்பந்தம் போடுபவருக்கு ஒன்று, ஒப்பந்தத்தைக் களத்தில் மேற்பார்வை செய்பவருக்கு ஒன்று, திட்ட மேலாளருக்கு ஒன்று. ஒப்பந்தம் போடுபவருக்கு முன்பு மூன்று படிநிலைகள் இருந்தன. 2023இல் அவற்றை எடுத்துவிட்டு ஒரே சான்றிதழாக்கினார்கள். மேற்பார்வையாளருக்கான முதல் நிலைக்கு 8 மணி நேரப் பயிற்சி போதும், இரண்டாம் நிலைக்கு 40 மணி நேரம் வேண்டும். சான்றிதழை வாங்கி மாட்டிவைத்துவிட்டால் முடிந்துவிடாது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொடர்கல்விக் கணக்குக் காட்ட வேண்டும். அரசின் பெயரில் கையெழுத்திடும் அதிகாரத்தை அங்கே தனியாக எழுத்தில் கொடுக்கிறார்கள். நம் ஊரில் பதவியோடு வரும் அதிகாரம், அங்கே அந்த ஆளின் தகுதியைப் பார்த்து வருகிறது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. எஃப்.ஏ.சி. சான்றிதழ் அமெரிக்க மத்திய அரசு தன் ஊழியர்களுக்காக நடத்தும் ஏற்பாடு. சென்னையில் இருந்துகொண்டு பணம் கட்டி வாங்கும் சரக்கு இல்லை. யாராவது அந்தப் பெயரைச் சொல்லி இங்கே வகுப்பு நடத்தினால், அவர்கள் தருவது பயிற்சிக்கு வந்ததற்கான சீட்டாகத்தான் இருக்கும்.

சரி, உங்கள் நிலைமைக்கு வருவோம். நீங்கள் அரசு ஊழியர் இல்லை, ஆலோசனை நிறுவனத்தின் ஆள். உங்கள் விஷயத்தில் தகுதியைத் தீர்மானிப்பது எந்தச் சட்டமும் இல்லை. அந்த நிறுவனம் போட்டியிட்ட டெண்டர் ஆவணத்தில் இருக்கும் பணி வரையறைதான். தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிடும் முறையில், முக்கியப் பணியாளர்களின் தன்விவரக் குறிப்புக்கு மதிப்பெண் உண்டு. கொள்முதல் நிபுணர் என்ற வரிக்கு நேரே கல்வித் தகுதி, மொத்த அனுபவ ஆண்டுகள், இதே மாதிரித் திட்டங்களில் அனுபவம் என்று எழுதியிருப்பார்கள். சில ஆவணங்களில் அதற்குக் கீழே பி.எம்.பி. அல்லது சி.ஐ.பி.எஸ். என்ற கொள்முதல் சான்றிதழ் "இருந்தால் விரும்பத்தக்கது" என்று இருக்கும். சிலவற்றில் "இருக்க வேண்டும்" என்றே இருக்கும். இந்த இரண்டு சொற்றொடருக்கும் நடுவில்தான் உங்கள் 60,000 ரூபாய் நிற்கிறது. முதல் வகையில் சான்றிதழ் இல்லாவிட்டால் ஓரிரு மதிப்பெண் குறையும், நல்ல அனுபவம் அதை ஈடுகட்டிவிடும். இரண்டாம் வகையில் உங்கள் பெயரையே நிறுவனம் போடாது.

அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த பதவிக்குக் கடந்த இரண்டு ஆண்டுகளில் வந்த ஆலோசகர் தேர்வு அறிவிப்புகளில் ஒரு பத்தைத் தேடி எடுங்கள். சென்னை மெட்ரோ, குடிநீர் வாரியம், நெடுஞ்சாலைத் துறை, நகர்ப்புற உள்கட்டமைப்பு நிறுவனம் என்று எதுவாகவும் இருக்கட்டும். தகுதிப் பத்தியை மட்டும் படித்து, எத்தனை இடத்தில் எந்தச் சான்றிதழின் பெயர் வருகிறது, கட்டாயமா விருப்பமா என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பயிற்சி மையத்தின் பேச்சைவிட அந்தத் தாள் நம்பத்தக்கது. நான் ஆலோசகராக இருந்த காலத்தில் மதிப்பீட்டுக் குழுவின் மேசையில் சான்றிதழுக்காக ஒருவர் விழுந்ததைவிட, "இதே மாதிரிப் பணி" அனுபவத்தைச் சரியாக எழுதத் தெரியாமல் விழுந்தவர்கள்தான் அதிகம்.

சான்றிதழ்களைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். உலக வங்கி ஆதரவில் பொதுக் கொள்முதல் படிப்புகளுக்கென்று ஓர் இணையத் தளம் இருக்கிறது. அதில் பொதுக் கொள்முதல் சான்றிதழ்ப் படிப்பு இலவசம். வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதலாம். கடன் திட்டத்தில் இருக்கும் உங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். உலக வங்கி 2016 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கொள்முதல் ஒழுங்குமுறைகளின் மொழி உங்களுக்கு அதில் பழகிவிடும். அதற்கு மேல் போக வேண்டுமானால் கட்டணத்தோடு தொழில்முறை டிப்ளமோ இருக்கிறது. ஃபரீதாபாத்தில் உள்ள அருண் ஜெட்லி தேசிய நிதி மேலாண்மை நிறுவனமும் கொள்முதல் பயிற்சிகள் நடத்துகிறது. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளையும், அதன் இணையவழிக் கொள்முதல் சந்தையான ஜெம் தளத்தையும் தெரிந்துகொள்ள விரும்பினால் அது நல்ல இடம். ஜெம் தளமே நடத்தும் பயிற்சிகளுக்குக் கட்டணம் இல்லை.

பி.எம்.பி. கொள்முதலுக்கானது இல்லை, திட்ட மேலாண்மைக்கானது. நான்காண்டுப் பட்டம் இருந்தால் 36 மாதம் திட்டங்களை வழிநடத்திய அனுபவமும், 35 மணி நேர வகுப்பும் கேட்கிறார்கள். பட்டம் இல்லாதவர்களுக்கு 60 மாதம். தேறிய பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 60 மணி நேரத் தொடர்கல்விக் கணக்குக் காட்ட வேண்டும். உங்களுக்கு நான்கு ஆண்டு அனுபவம் இருக்கிறது, ஆனால் அதில் எத்தனை மாதம் நீங்கள் உண்மையாகவே வழிநடத்தினீர்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். விண்ணப்பத்தைத் தணிக்கைக்கு எடுத்தால் உங்கள் மேலதிகாரி அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். சி.ஐ.பி.எஸ். என்பது இங்கிலாந்தைச் சேர்ந்தது, கொள்முதலுக்கே உரியது, படிப்படியாகப் பல தாள்கள் எழுத வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். சென்னைக்குள்ளேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் அவ்வளவு செலவுக்கு அவசரம் இல்லை என்பது என் அபிப்பிராயம். இந்தியப் பொருள் மேலாண்மைக் கழகத்துக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. அவர்களுடைய டிப்ளமோ தொழிற்சாலைகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் பண்டகப் பிரிவில் இருப்பவர்களுக்குப் பொருந்தும்.

சான்றிதழ் வாங்கினால் சம்பளம் ஏறுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் உறுதியாக எதையும் சொல்லிவிட முடியாது. உங்கள் நிறுவனம் அரசுக்குக் கொடுத்த மாத விலை ஒப்பந்தத்திலேயே கட்டப்பட்டிருக்கும். நடுவில் நீங்கள் என்ன படித்தாலும் அந்த எண் மாறாது. அடுத்த ஒப்பந்தத்தில் பேரம் பேசும்போது கைகொடுக்கலாம்.

இவ்வளவு சொன்னதால் படிப்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் மாநிலத்திலும் டெண்டர் கையாளுபவர்களுக்குக் கட்டாயப் பயிற்சியும் தேர்வும் இருக்க வேண்டும் என்று மனதார நம்புகிறவன் நான். அதற்குக் காரணம் ஒரு மழைக்காலம்.

நான் உதவி செயற்பொறியாளராக இருந்தபோது ஒரு மழைநீர் வடிகால் பணிக்கு டெண்டர் ஆவணம் தயாரித்தேன். தகுதி நிபந்தனையில் "ஒப்பந்ததாரர் கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒத்த தன்மையுள்ள ஒரு பணியையாவது முடித்திருக்க வேண்டும்" என்று எழுதினேன். பழைய ஆவணத்திலிருந்து அப்படியே எடுத்த வரி. ஒத்த தன்மை என்றால் என்ன என்று எங்கேயும் வரையறுக்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை, ஃபைலைப் பார்த்த நான்கு பேருக்கும் தோன்றவில்லை. நான்கு பேர் டெண்டர் போட்டார்கள். மிகக் குறைந்த விலை கொடுத்தவர் சாலைக்குக் குறுக்கே பெட்டி வடிவச் சிறுபாலங்கள் கட்டியவர். அதுவும் கான்கிரீட், அதிலும் தண்ணீர்தான் போகிறது, அதனால் ஒத்த பணிதான் என்பது அவர் வாதம். இரண்டாவதாக வந்தவர், கிலோமீட்டர் கணக்கில் ஓடும் வடிகாலும் பத்து மீட்டர் சிறுபாலமும் எப்படி ஒன்றாகும் என்று கேட்டார். நேர்மையாகச் சொன்னால் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. நியாயம் இல்லாதது நான் எழுதிய வரியில்தான். குழு சிறுபாலக்காரரைத் தகுதியற்றவர் என்றது. உத்தரவு கிடைத்த பத்து நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யச் சட்டம் இடம் தருகிறது, அவர் செய்தார். கடைசியில் டெண்டரையே ரத்து செய்து மறுபடி கோரச் சொன்னார்கள். பணி மதிப்பு இரண்டு கோடிக்கு மேல் என்பதால் மறு டெண்டருக்கும் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். வேலை உத்தரவு போகும்போது அக்டோபர் பாதி ஆகிவிட்டது. வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தால் சென்னையில் எவன் பள்ளம் தோண்டுவான்? அந்த ஆண்டு அந்தத் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மா ஒருவர் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் தூக்கி வைக்கச் சொல்லி என்னிடமே உதவி கேட்டார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. தூக்கி வைத்துவிட்டு வந்தேன்.

ஒத்த பணியை வகை, நீளம், மதிப்பு என்று எண்ணால் வரையறுக்க வேண்டும் என்பது நல்ல கொள்முதல் பயிற்சி எதிலும் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை, பதவி உயர்வு மட்டும் கொடுத்தார்கள். அமெரிக்கர்களின் மணிக்கணக்குகளைப் படிக்கும்போது எனக்கு அந்தத் தெருதான் ஞாபகம் வருகிறது. எட்டு மணி நேரம்தானே, அதைக்கூட நாங்கள் செய்யவில்லை.

அதேசமயம், சான்றிதழ் இருந்துவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்றும் நினைக்க முடியாது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் மருந்துக் கொள்முதல் முறையைப் பார்த்து கேரளா, ராஜஸ்தான் போன்ற மாநிலங்களும் அதே மாதிரி நிறுவனம் அமைத்தன. வெளியிலிருந்து பார்த்தவன் என்ற அளவில் சொல்கிறேன்: அதைத் தூக்கி நிறுத்தியது தனிப்பட்ட ஆட்களின் பட்டயங்கள் இல்லை. வந்த மருந்தை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பது, மாவட்டக் கிடங்கில் இருப்பைக் கணினியில் பார்ப்பது, மருத்துவமனைக்கு பாஸ்புத்தகம் வைத்து எடுத்த மருந்தின் மதிப்பைக் கழிப்பது என்று வேலையையே முறையாக எழுதி வைத்தார்கள். எழுதிய முறையும் வேண்டும், அதைப் படித்துப் புரிந்துகொண்ட ஆளும் வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் நம் 1998 சட்டத்தையும் 2000 விதிகளையும் முழுதாகப் படியுங்கள், இரண்டும் சேர்ந்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகாது. அதோடு உங்கள் திட்டத்துக்குக் கடன் கொடுத்த வங்கியின் கொள்முதல் ஒழுங்குமுறையைப் பக்கத்தில் வைத்து, எங்கே இரண்டும் வேறுபடுகின்றன என்று குறியுங்கள். இந்த வேறுபாடு தெரிந்த ஆள் திட்டத்துக்கு ஒருவர் கிடைப்பதே கஷ்டம். அப்புறம் அந்த இலவசச் சான்றிதழ்ப் படிப்பு. பத்து அறிவிப்புகளைப் பார்த்துப் போட்ட தாளில் பி.எம்.பி. கட்டாயம் என்று பாதிக்கு மேல் வந்தால் அதற்குப் போங்கள். அப்போதும் அந்த 35 மணி நேர வகுப்பைக் குறைந்த செலவில் முடிக்க வழி இருக்கிறது, 60,000 தேவைப்படாது.

கடைசியாக, பணம் செலவாகாத ஒரு காகிதம். உங்கள் ஒப்பந்தம் முடிவதற்கு முன்னாலேயே திட்ட இயக்குநர் அலுவலகத்தில் அனுபவச் சான்று கேட்டு வாங்குங்கள். "இவர் இங்கே பணியாற்றினார், நடத்தை திருப்திகரம்" என்று மட்டும் இருக்கும் சான்று மதிப்பீட்டுக் குழுவின் மேசையில் ஒன்றுக்கும் உதவாது. திட்டத்தின் பெயர், கடன் கொடுத்த வங்கி, நீங்கள் கையாண்ட டெண்டர்களின் எண்ணிக்கையும் மதிப்பும், அவை பணியா பொருளா சேவையா, அதில் உங்கள் பங்கு என்ன, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எல்லாம் வர வேண்டும். வரைவை நீங்களே தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அந்த ஃபைல் நகராது. இயக்குநர் மாற்றலாகிப் போவதற்குள் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.